பின்னால் சூடு, முன்னால் பாட்டில்

சமையலறை ஃப்ரிட்ஜ் பழுதானால் "கூலிங் இல்லை" என்றுதான் போன் வரும். பீர் ஃப்ரிட்ஜுக்கு அப்படி வராது. அது பெரும்பாலும் ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில், டிவிக்கு எதிரே இருக்கும். அதனால் முதலில் தெரிவது சத்தம்தான். அப்புறம் வார்னிஷ் கருகுகிற வாசனை. "பின்னால ஃபேன் கொதிக்குது, கை வைக்க முடியலை" என்பார்கள். உள்ளே பாட்டில் என்னவோ ஜில்லென்றுதான் இருக்கும். அந்தக் கட்டத்திலேயே கூப்பிடுகிறவர்கள் புத்திசாலிகள். இன்னொரு கோடை அப்படியே ஓடினால் ஃபேனோடு கம்ப்ரஸரும் போயிருக்கும்.

புதுச்சேரியில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருப்பவனுக்கு இந்த வேலை மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. சிலர் கடைகளில் குளிர்பானம் வைக்கிற கண்ணாடிக் கதவு விசி கூலரைப் பழசாக வாங்கி மாடி அறையில் வைத்திருப்பார்கள். சிலரிடம் வெளிநாட்டிலிருந்து வீட்டுச் சாமானோடு கண்டெய்னரில் வந்த இடுப்புயரப் பெட்டி இருக்கும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜையே மாடிக்கு ஏற்றிவிட்டவர்களும் உண்டு. இந்தக் கடைசி ரகத்தில் ஃபேனே கிடையாது. பின்னாலிருக்கும் கறுப்புக் கம்பி வலையோ பக்கத் தகடுகளோ சூட்டைத் தானாகவே காற்றில் விட்டுவிடும். அது வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வம்பெல்லாம் ஃபேன் வைத்த பெட்டியில்தான்.

ஃபேன் எதற்கு என்றால் இடத்தை மிச்சப்படுத்த. பெரிய வலையாகப் பரப்ப வேண்டிய கண்டென்சரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருட்டி, கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் அடியில் திணித்துவிடுகிறார்கள். பாட்டில்களிலிருந்து எடுத்த சூடு, அதை எடுக்கக் கம்ப்ரஸர் தின்ற மின்சாரம், இரண்டும் அந்தச் சின்னக் கண்டென்சர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதன் முதுகில் ஒரு சிறிய மோட்டார் உட்கார்ந்து காற்றை இழுத்துக் கம்ப்ரஸர் மேல் ஊதும். அதாவது மோட்டார் உட்கார்ந்திருப்பதே கண்டென்சரைத் தாண்டி வருகிற சூட்டுக் காற்றில். தன் பங்குக்கு அதுவும் சூட்டை உண்டாக்கும். இந்த வகை மோட்டாருக்கு ஷேடட் போல் என்று பெயர். விலை மலிவு, கெபாசிட்டர் வேண்டாம், ஆனால் மகா ஊதாரி. 10 வாட் என்று விவரத் தட்டில் போட்டிருப்பது அது சுழற்றுகிற வேலை. லைனிலிருந்து இழுப்பது 35, 40 வாட். மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டைக் கொண்டுபோவதும் அதே பிளேடு கிளப்புகிற காற்றுதான். காற்று குறைந்தால் மோட்டார் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும்.

ஆகையால் நன்றாக இருக்கிற ஃபேன் மோட்டாரும் சுடத்தான் செய்யும். இதை வாடிக்கையாளர்களுக்குப் புரியவைப்பதற்குள் வாய் வலித்துவிடும். 60 டிகிரி உலோகத்தில் சில விநாடிக்குமேல் கை வைக்க முடியாது. மோட்டாருக்கோ 60 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. காயில் கம்பியின் பூச்சு 'பி கிளாஸ்' என்றால் 130 டிகிரி வரை தாங்கும். கை வைத்துப் பார்த்து முடிவு சொல்வது சமையல்காரருக்குச் சரி, எங்களுக்குச் சரிப்படாது. உள்ளே காயில் எவ்வளவு சூடு என்று அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. முழுக்க ஆறிய நிலையில் மல்டிமீட்டரில் காயிலின் ஓம்ஸ் எடுத்துச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய கையோடு மறுபடி எடுப்பேன். செம்பின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 32 டிகிரி அறையில் எடுத்ததைவிட 20 சதவீதம் கூடியிருந்தால் காயில் 85 டிகிரியில் இருக்கிறது, அது ஆரோக்கியம். 40 சதவீதம் கூடியிருந்தால் 138 டிகிரி. அப்போதுதான் நான் கவலைப்படத் தொடங்குவேன். சில மோட்டாருக்குள் ஒரு கட்-ஆஃப் இருக்கும். கொதித்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும், மீட்டர் எதையும் காட்டாது. 'காயில் போச்சு' என்று அங்கேயே தீர்ப்பெழுதி மோட்டாரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் அது உயிரோடு இருக்கும்.

இப்போது முத்தியால்பேட்டையில் நான் பார்த்த ஒரு வீட்டுக்கு வருகிறேன். அக்கம்பக்கத்தில் அதைச் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். பெரியவர் ஊர் திரும்பும்போது பிரான்சிலிருந்து ஒரு பீர் கூலரையும் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு, மேசைக்கு அடியில் போகிற உயரம். ஆசாரியை வைத்துத் தேக்கில் அருமையான பார் அலமாரி செய்து, அதன் வயிற்றுக்குள் கூலரைச் செருகியிருந்தார். எனக்கு முன்னால் வந்தவர்கள் ஃபேன் மோட்டாரை மாற்றியிருந்தார்கள். அது எரிந்ததும் மறுபடி மாற்றியிருந்தார்கள். இப்போது மூன்றாவதும் வாசனை கிளப்பத் தொடங்கியிருந்தது.

என்னோடு வந்த பையன் ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலின் இரண்டு வருஷப் படிப்பை முடித்தவன், கெட்டிக்காரன். பின்பக்கத் தகட்டைக் கழற்றியதுமே, "இதே மோட்டார் நம்ம கடையில இருக்கு அண்ணே, அரை மணி நேர வேலை" என்றான். "ரெண்டு தடவை மாத்தியிருக்காங்கடா" என்றேன். "மட்ட ரகமா போட்டிருப்பாங்க" என்றான். இது எங்கள் தொழிலின் தேசிய கீதம். முன்னால் வந்தவன் மட்ட ரகம் போட்டிருப்பான். சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் ஒரே பொருள் திரும்பத் திரும்பச் சாகிறது என்றால் நான் முதலில் பொருளைச் சந்தேகிப்பதில்லை.

மோட்டாரில் கை வைக்கும்முன் பிளக்கைப் பார்த்தேன். பிரெஞ்சு பிளக்கில் எர்த் பின் துருத்திக்கொண்டு இருக்காது. அங்கே சாக்கெட்டிலிருந்துதான் எர்த் ஊசி நீட்டும், பிளக்கில் அதற்கு ஓட்டை இருக்கும். நம்மூர் சாக்கெட்டில் அதைச் செருகினால் இரண்டு முனை மட்டும் போய் உட்கார்ந்துவிடும். பெட்டி ஓடும், எர்த் இராது. "கதவைத் தொட்டா விர்ருனு இருக்குமே ஐயா?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, மழைக்காலத்துல கொஞ்சம் இருக்கும்" என்றார், வீட்டுப் பூனையைப் பற்றிச் சொல்வதுபோல. அதை வெட்டிப் போட்டு மூன்று முனை பிளக் வைத்த பிறகுதான் அடுத்த வேலை. கம்ப்ரஸர்மேல் தீச்சுடர் படம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கரும் இருந்தது. உள்ளே ஓடுவது ஆர் 600ஏ, ஐசோபியூட்டேன், எரியக்கூடிய கேஸ். ஃபேன் பழுதுக்குக் கேஸ் லைனைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எதற்கெடுத்தாலும் "கேஸ் அடிச்சிடலாம்" என்று டார்ச்சோடு வருகிறவர்களை நினைத்துப் பையனிடம் அந்த ஸ்டிக்கரைக் காட்டி வைத்தேன்.

ஃபேன் பிளேடைக் கையால் சுற்றிவிட்டேன். வழுவழுவென்று சுற்றியது, ஆட்டமில்லை. அப்படியானால் ஷாஃப்டைத் தாங்குகிற புஷ் நன்றாக இருக்கிறது. கடற்கரை ஊரில் இந்த இடத்திலேயே பாதிக் கதை முடிந்துவிடும். உப்புக் காற்றில் ஷாஃப்டில் துரு பூக்கும், புஷ்ஷுக்குள் பசை பிடித்தாற்போல் இறுகும். அதில் நம் ஆட்கள் தேங்காய் எண்ணெயை விட்டு வைத்திருப்பார்கள். மார்கழியில் அது உறைந்து போகும், சித்திரையில் பிசினாகும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் அப்படித்தான். அடித்ததும் பம்பரமாகச் சுற்றும், புஷ்ஷைச் சுற்றியுள்ள பஞ்சில் ஊறியிருந்த நல்ல எண்ணெயையும் கழுவிக் கொண்டுபோய்விடும். பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விட்டால் போதும். இங்கே அந்த வேலையும் இல்லை.

பையன் கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டரை எடுத்தான். இவ்வளவு சின்ன கரண்ட்டை அது சரியாகக் காட்டாது. ஒரு வயரைத் தாடைக்குள் பத்துச் சுற்றுச் சுற்றி, வருகிற அளவைப் பத்தால் வகுக்க வேண்டும். வகுத்தான். 0.26 ஆம்பியர். மோட்டார் தட்டில் போட்டிருப்பது 0.25. "கரெக்டாத்தானே அண்ணே இருக்கு?" என்றான். ஷேடட் போல் மோட்டார் எல்லாரையும் ஏமாற்றுகிற இடம் இது. பிளேடைக் கையால் பிடித்து நிறுத்தினால்கூட இதன் கரண்ட் கொஞ்சம்தான் ஏறும். அது நிம்மதியாக ஓடுகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று ஆம்பியரை வைத்துச் சொல்ல முடியாது. சுற்று வேகம்தான் உண்மையைச் சொல்லும். 50 ஹெர்ட்ஸ் லைனில் நாலு போல் மோட்டாரின் காந்தப் புலம் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டர் சுமையோடு 1300 வாக்கில் ஓட வேண்டும். பிளேடில் ஒளியைத் திருப்பியடிக்கிற ஸ்டிக்கர் ஒட்டி டாக்கோமீட்டரைக் காட்டினேன். 1060. காந்தப் புலத்துக்கும் ரோட்டருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழுகிறதோ அவ்வளவும் ரோட்டரில் சூடாகத்தான் போகும்.

ஏன் இழுக்க முடியவில்லை? பிளேடை அளந்தேன். பத்து அங்குலம். கண்டென்சரைச் சுற்றியிருந்த தகட்டு வளையம் எட்டு அங்குலப் பிளேடுக்கானது. பத்து நுழைவதற்காக அதைக் கத்தரித்து அகலமாக்கியிருந்தார்கள். முதல் மோட்டார் எரிந்ததும், 'காற்று பத்தவில்லை' என்று யாரோ பெரிய பிளேடு போட்டிருக்கிறார். நினைப்பு நியாயமானது, கணக்குத்தான் உதைக்கிறது. ஒரே வேகத்தில் சுற்றினால், பிளேடின் சுமை அதன் விட்டத்துக்கு ஐந்தாம் படியில் ஏறும். எட்டிலிருந்து பத்து என்றால் 1.25ஐ ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள்: மூன்றுக்குமேல் வரும். இரண்டு அங்குலம் கூட்டியதற்கு மோட்டார்மேல் மூன்று மடங்குச் சுமை. அது வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் தப்பிக்கப் பார்க்கும். போதாததற்கு, கத்தரித்த வளையத்தின் இடைவெளி வழியாகக் காற்று முன்னாலேயே சுற்றிவந்தது, கண்டென்சருக்குள் போகவில்லை.

எட்டு அங்குலப் பிளேடு போட்டு, வளையத்தைத் தகடு வைத்து ரிவிட் அடித்து மூடினோம். வேகம் 1290க்கு வந்தது. ஆனால் பெட்டியை அலமாரிக்குள் தள்ளிய அரை மணி நேரத்தில் சூடு மறுபடி ஏறியது. ஹாலில் 33 டிகிரி. அலமாரிக்குள், கண்டென்சர் மூச்சிழுக்கிற இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் 48 காட்டியது. தேக்கு அலமாரிக்குப் பின்பலகை, அடிப்பலகை எல்லாம் கச்சிதம். ஆசாரி நல்ல வேலைக்காரர், ஒரு கரப்பான்கூட நுழைய முடியாதபடி செய்திருந்தார். காற்றும் நுழையவில்லை. ஃபேன் தான் வெளியே விட்ட காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

இதில் பெட்டியின் குற்றமும் உண்டு. ஃப்ரிட்ஜின் விவரத் தட்டில் ஓரமாக ஒன்றிரண்டு எழுத்து இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. எஸ்என், என், எஸ்டி, டி. அது எந்தச் சுற்றுப்புற வெப்பத்துக்காகச் செய்த பெட்டி என்பதன் குறி. 'என்' என்றால் 16 முதல் 32 டிகிரி வரை. 'எஸ்டி' 38 வரை. 'டி' 43 வரை. பெரியவருடைய பெட்டியில் 'என்' போட்டிருந்தது. பிரான்சில் ஒரு வரவேற்பறைக்கு அது போதும். நம்மூரில் மே மாதம் வேண்டாம், மார்ச் மாத மத்தியானத்திலேயே அது தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதை அலமாரிக்குள் வேறு அடைத்தால் 48 டிகிரி.

"பலகையில ஓட்டை போடணும் ஐயா" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "இது பர்மா தேக்கு தம்பி. எங்கப்பா கட்டில்ல இருந்து எடுத்தது." அதற்குமேல் நான் பேசவில்லை. பின்பலகை மட்டும் பிளைவுட். அதைக் கழற்றிவிட்டு அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் முன்னால் இழுத்து வைத்தோம். கீழே, கால் மறைப்புப் பலகையை எடுத்துவிட்டு பித்தளைக் கம்பி ஜன்னல் ஒன்றைப் பொருத்தினோம். கீழே குளிர்ந்த காற்று வாங்கி, பின்னால் மேல்வழியே சூடு போக வேண்டும். இரண்டு வழியும் வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் பயனில்லை. உள்ளே வெப்பம் 37க்கு இறங்கியது.

இந்த இடத்தில் விட்டிருந்தாலும் மோட்டார் பிழைத்திருக்கும். ஆனால் நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுக்கக் கம்ப்ரஸர் ஒரு தடவைகூடக் கட்-ஆஃப் ஆகவில்லை. தெர்மோஸ்டாட் ஏழில் இருந்தது. பீர் ஃப்ரிட்ஜில் எப்போதும் அது கடைசி எண்ணில்தான் இருக்கும். ஏழில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நாடு தழுவிய நம்பிக்கை. எந்த எண்ணில் வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றுதான், எப்போது நிறுத்துவது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. நாலுக்குக் குறைத்தேன். உள்ளே 5 டிகிரி இருந்தும் நிற்கவில்லை. உள்பக்கம் அடித்தட்டு ஓரத்தில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. கண்ணாடிக் கதவு பெட்டியில் கீழே மட்டும் பனி பிடித்தால் கதவைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நாளிதழ்த் துண்டை ரப்பர் பட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தேன். மேலே பிடித்தது, நடுவில் பிடித்தது. கீழே தாள் வெண்ணெயில் போன கத்தியாக உருவிக்கொண்டு வந்தது.

ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. இடைஞ்சல் செய்தது பாட்டில். பிரான்சில் பீர் 25, 33 சென்டிலிட்டர் பாட்டில்களில் வரும். பெட்டியின் தட்டுகள் அந்த உயரத்துக்கு அளவெடுத்தவை. நம்மூர் 650 மில்லி பாட்டில் அதில் நிற்காது, படுக்கவைக்க வேண்டும். மேல்தட்டுகளில் படுத்துக்கொள்ளும். அடித்தட்டில், பின்னால் கம்ப்ரஸர் இருக்கிற மேடு உள்ளே துருத்திக்கொண்டு இருப்பதால் ஆழம் குறைவு. அங்கே படுத்த பாட்டிலின் மூடி கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு, கதவை ஒரு நூல் அளவு வெளியே தள்ளியிருந்தது. பார்த்தால் மூடியிருப்பதுபோலவே தெரியும். அந்த ஒரு நூல் வழியாகக் கடற்கரைக் காற்றின் ஈரமெல்லாம் இரவு பகலாக உள்ளே போய்ப் பனியாக உறைந்தது. பனி படிந்த தட்டு குளிரைப் பாட்டிலுக்குத் தராது, தெர்மோஸ்டாட் திருப்தி அடையாது, கம்ப்ரஸர் நிற்காது, கம்ப்ரஸர் நிற்காதவரை ஃபேனும் நிற்காது. முதல் மோட்டார் அந்த வழியில்தான் செத்திருக்க வேண்டும். அதன்மேல் பெரிய பிளேடை மாட்டி இரண்டாவதைச் சாகடித்தார்கள்.

அடித்தட்டில் இனி டின் மட்டும் வையுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாமானைக் கட்டினோம். பெரியவர் பணப்பையை எடுத்துக்கொண்டு கேட்டார்: "இன்னா தம்பி மாத்துன?"

"பிளேடும் பிளக்கும்தாங்க. மத்தபடி ஒண்ணும் மாத்தலை."

"அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ கேக்குற? முன்னாடி வந்தவன் மோட்டாரே மாத்திட்டு இதைவிடக் கம்மியாத்தான் வாங்கினான்."

இந்தக் கேள்வியை நான் குறையாகச் சொல்லவில்லை. காசு கொடுக்கிறவர் கையில் ஒரு பொருளைப் பார்க்க ஆசைப்படுவார். எரிந்த மோட்டாரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் பணம் வரும். கதவில் தாள் வைத்து இழுத்ததற்கு யார் கொடுப்பார்? எங்கள் தொழிலில் மோட்டார் மாற்றுகிறவன் பிழைத்துக்கொள்கிறான். மோட்டார் ஏன் செத்தது என்று பார்க்கிறவன் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறான். ஸ்பேரில் வருகிற லாபம்தான் பெரும்பாலான கடைகளுக்கு வாடகை கொடுக்கிறது. அதனால் நான் பேசியே சம்பாதிக்கப் பழகிக்கொண்டேன். பெரியவரிடம் தாளைக் கொடுத்து அவரையே இழுத்துப் பார்க்கச் சொன்னேன், பாட்டில் வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை. ராணுவத்தில் இருந்தவர், செய்து காட்டினால் ஏற்றுக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. கேட்டதைக் கொடுத்தார். இப்போதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: வந்து பார்ப்பதற்கு இவ்வளவு, பொருள் போட்டாலும் போடாவிட்டாலும். சிலர் போனை வைத்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் புகார்கள் தனி ரகம். காலையில் ஒரு பெட்டி, பன்னிரண்டு பாட்டில், வெயிலில் வந்த சூட்டோடு உள்ளே அடுக்குவார்கள். மத்தியானம் விருந்தாளி வந்ததும் "இன்னும் கூலாகலை, பின்னால கொதிக்குது" என்று போன். பன்னிரண்டு 650 மில்லி என்றால் 7.8 லிட்டர். 34 டிகிரியிலிருந்து 4க்கு இறக்க, கண்ணாடியையும் சேர்த்து, 300 வாட்-மணிக்குக் குறையாத சூட்டை வெளியே எடுக்க வேண்டும். நூறு, நூற்றிருபது வாட் குளிரூட்டும் திறனுள்ள சின்னக் கம்ப்ரஸருக்கு அது மூச்சுவிடாத இரண்டரை மூன்று மணி நேர வேலை, அதுவும் நடுவில் யாரும் கதவைத் திறக்காமல் இருந்தால். அந்த நேரம் முழுக்க ஃபேன் சுடுவது பழுதே அல்ல. முந்தின நாள் ராத்திரியே அடுக்கச் சொல்லிப் போனை வைத்துவிடுவேன். காசு கிடையாது.

பெட்டி, அலமாரி, பாட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் மோட்டார் கொதிக்கிற வீடுகளில் நான் சுவிட்ச் போர்டைப் பார்ப்பேன். ஹாலிலுள்ள பாயிண்ட் இன்வெர்ட்டரில் சேர்ந்திருக்கும். கரண்ட் போனதும் ஃபேன் 'ங்ங்' என்று ஒரு மாதிரி முனகினால் அது விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அந்தச் சதுர அலையில் கலந்திருக்கிற உபரி அதிர்வெண்கள் மோட்டாரைச் சுற்ற வைக்காது, சூடு மட்டும் பண்ணும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் வேறு தொல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு வோல்டேஜ் 250ஐத் தாண்டும். இரும்புப் பட்டைகள் காந்தத்தில் நிரம்பி வழிகிற எல்லைக்குப் போனபின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் கரண்ட் மளமளவென்று ஏறும். பகலில் போய் அளக்கிற மெக்கானிக்குக் கடைசிவரை இது தெரியாது.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில் இதன் முற்றிய வடிவத்தைப் பார்த்தேன். ஃபேன் தட்டில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதற்காக ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி 110க்கு இறக்கித்தான் ஓட்டினார். வோல்டேஜ் சரி என்று அவர் நினைத்தார், அவருக்கு விற்றவரும் நினைத்தார். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 60க்குச் செய்த காயில் 50இல் ஓடினால், அதே வோல்டேஜுக்குக் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு அதிகம் ஏறும். சரிக்கட்ட வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்: 115க்குப் பதில் 96. கம்ப்ரஸர் தட்டைத் துடைத்துப் பார்த்தால் நல்ல வேளையாக அதிலேயே '100 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்' என்றும் அச்சடித்திருந்தது. 100 வோல்ட் டேப் வைத்த டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்றி வாங்கினோம். ஃபேன் விஷயத்தில் அதுமட்டும் போதாது. 50 ஹெர்ட்ஸில் அதன் வேகமும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும், காற்றும் குறையும். ஆகவே அந்த அமெரிக்க மோட்டாரை எடுத்துவிட்டு நம்மூர் 230 வோல்ட் மோட்டாரை நேராக லைனிலிருந்து கொடுத்து, கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் சுற்றும்படி நடுவே ஒரு ரிலே வைத்தேன். இந்த வேலையை ரசித்துச் செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஒரு வகைப் பெட்டியை மட்டும் நான் தொடுவதில்லை. ஆறு டின் வைக்கிற குட்டிப் பெட்டி, பரிசாக வருவது. அதில் கம்ப்ரஸரே இல்லை. ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடுகிற பெல்டியர் வில்லை, அதன் முதுகில் அலுமினியத் துடுப்பு, ஒரு 12 வோல்ட் ஃபேன். கடைக்காரர்கள் சொல்லாத விஷயம்: அது சுற்றுப்புறத்தைவிட 15, 20 டிகிரிதான் இறக்கும். கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் வைத்தால் உள்ளே 18க்குக் கீழே போகாது. அந்த பீரைக் குடிப்பதற்குத் தண்ணீர் குடிக்கலாம். ஃபேன் நின்றால் வில்லையும் சில நிமிஷத்தில் வெந்துவிடும்.

இப்போது வருகிற புதுப் பெட்டிகளில் ஷேடட் போல் மோட்டார் குறைந்துகொண்டே வருகிறது. காந்த ரோட்டரும் எலெக்ட்ரானிக் பலகையும் வைத்த ஈசி மோட்டார் போடுகிறார்கள். பழையது 38 வாட் இழுத்துச் செய்த வேலையை இது பதினைந்துக்கும் குறைவாக இழுத்துச் செய்துவிடும். தொட்டால் வெதுவெதுப்புக்கூடச் சரியாகத் தெரியாது. லாஸ்பேட்டையில் அப்படி ஒன்று நின்றுபோய் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பையன் வழக்கம்போலக் கதவில் தாள் வைத்து இழுத்தான், பிளேடை அளந்தான், அலமாரிக்குள் தெர்மாமீட்டர் வைத்தான். எல்லாம் சரி. ஃபேன் பலகையின் மூடியைத் திறந்தபோது, இரண்டு சால்டர் புள்ளிகளுக்கு நடுவே குறுக்காக ஒரு பல்லி கருகிக் கிடந்தது. புது மோட்டார் போட்டு, காற்று போகிற துளைகளுக்குக் கொசுவலைக் கம்பி அடித்துக் கொடுத்தேன். பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்ததும், வீட்டம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை எண்ணி வைத்தார்.